மேடில்லாத வீடு

விளக்கு வைக்கும் நேரமானால் வசுமதியின் வீட்டுத் தரை மூச்சு விடும். சுவருக்குச் சுவர் விரித்திருந்த பாசிக்கம்பளம் அங்கங்கே மெல்ல உப்பி, எண்ணெயில் போட்ட பூரியைப் போல எழும்பி, கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, பிறகு புஸ்ஸென்று தணியும். செவ்வாயில் குடியேறியவர்களின் வீடுகளிலெல்லாம் இப்படித்தான். வீட்டில் இருப்பவர்கள் வெளியே விடும் காற்றைப் பாசி வாங்கிக்கொண்டு நல்ல காற்றாக மாற்றித் தரும். அந்தக் காற்று கம்பளத்துக்கு அடியில் சேர்ந்து, அதைத் தூக்கிக்கொண்டு வெளியே கசியும். மேடு விழுந்த தரைதான் ஆரோக்கியமான தரை என்பது ஆரம்பப் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடும். வசுமதிக்கு அது தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் மறுநாள் பெண் பார்க்க வருகிறார்கள்.

செவ்வாயில் பெண் பார்ப்பதற்குப் பாதம் பார்ப்பது என்று பெயர். எல்லா வீடும் ஒரே அச்சு, தோட்டம் கிடையாது, ஜன்னலைத் திறந்து வைக்கவும் முடியாது. குடும்பத்தின் தரத்தை வேறு எதைக் கொண்டு அளப்பது? மாப்பிள்ளையின் தாயார் செருப்பைக் கழற்றிவிட்டு வீடு முழுக்க வெறுங்காலோடு நடப்பாள். ஒரு சுருக்கம் காலில் நெருடினால் போதும், வீட்டை வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் என்று ஊரெல்லாம் பேச்சாகிவிடும். மகள் இளவேனிலுக்கு வந்த முதல் வரன் அப்படித்தான் தட்டிப்போயிற்று. அந்த அம்மாள் பூஜை மூலையில் தடுக்கி விழப்பார்த்தாள். கேசரியைத் தொடாமலே எழுந்து போய்விட்டாள்.

அந்த வரன் போனதற்கு இளவேனில் வருத்தப்படவில்லை. இந்த வரன் வேறு. நன்மாறன் அவளோடு பனிக்கட்டி உருக்கும் நிலையத்தில் வேலை பார்ப்பவன். அவன் பெயரைச் சொல்லும்போது மகளின் குரலில் ஏற்படும் மாற்றத்தை வசுமதி கவனித்திருக்கிறாள். இந்த இடம் தட்டிப்போனால் பெண் தாங்கமாட்டாள்.

கணவர் பூவராகன் முழங்காலிட்டுத் தரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஊசிக்குழலால் மேட்டைக் குத்திக் காற்றை உறிஞ்சினார். அதே துளையில் பசையை ஏற்றினார். ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்தார்.

"என்னங்க, சோபா ஓரத்தை விட்டுட்டீங்களே!"

"விடல வசு. இங்க அமுக்கினேன், அது அங்க போய் உக்காந்துடுச்சு. அப்படியே உங்கண்ணன் மாதிரி. ஒரு பக்கம் அனுப்பினா இன்னொரு பக்கமா வந்து நிக்குது."

"எங்கண்ணன் உங்களை என்ன பண்ணினார்? நீங்க எழுந்திருங்க. இடுப்பு பிடிச்சுக்கிட்டா நாளைக்கு யார் வரவேற்கறது?"

கடைசியில் கம்பளம் இழுத்துக் கட்டும் இழுப்பானை வாடகைக்கு வரவழைத்தார்கள். நண்டைப் போன்ற அந்த இயந்திரம் சுவரோரமாகவே நடந்து, கம்பளத்தின் விளிம்பைக் கவ்வி, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி இழுத்தது. மிஞ்சி வந்ததை நறுக்கிவிட்டு, விளிம்பைச் சுவருக்கடியில் செருகி ஒட்டியது. பாதி வேலையில் நின்றது.

"இதற்கு மேல் இழுத்தால் பாசி வேலை செய்யாது. தொடரலாமா?" என்று பணிவாகக் கேட்டது.

"தொடரு" என்றாள் வசுமதி.

"வீட்டில் மூன்று பேர் இருக்கிறீர்கள். தொடரலாமா?"

"அதுதான் தொடருன்னு சொல்றேனே! மாமியாரை விட மோசமா இருக்கு இது."

இளவேனில் கதவில் சாய்ந்து நின்று கேட்டாள். "அம்மா, நமக்கு மூச்சு வேண்டாமா?"

"உன் கல்யாணம் முடியட்டும்டி. அப்புறம் நிதானமா மூச்சு விட்டுக்கலாம்."

காலையில் கூடமும் அறைகளும் துலக்கிய தாம்பாளம் போல் வழவழவென்றிருந்தன. வாசல் கதவருகே வீட்டின் காற்றைக் காட்டும் பச்சை விளக்கு மட்டும் மஞ்சளாகிவிட்டிருந்தது. வசுமதி அதன் மேல் குடும்பப் படத்தை மாட்டினாள். படம் அந்த இடத்துக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளையின் தாயார் சௌந்தரவல்லி மகனோடு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். கூடம், படுக்கையறைகள், பூஜை மூலை எல்லாம் நடந்தாள். குதிகாலை அழுத்தி, பெருவிரலால் தடவி, ஒவ்வோர் அடியையும் ருசி பார்ப்பது போல் வைத்தாள். பிள்ளைகள் இருவரையும் தனியாகப் பேசிக்கொள்ள அனுப்பிவிட்டு சோபாவில் உட்கார்ந்தாள். கேசரித் தட்டைக் கையில் வாங்கினாள். வாங்கியதும் கொட்டாவி விட்டாள்.

வசுமதிக்குத் திக்கென்றது. இரண்டாவது கொட்டாவி முதலாவதைவிடப் பெரிதாக இருந்தது. இடம் பிடிக்கவில்லை போலிருக்கிறது! எங்கே நெருடியது? பூஜை மூலையா? அவளுக்கே தலை பாரமாகி நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தது. பக்கத்தில் பூவராகன் சிரித்த முகத்தோடு தூங்கி விழுந்துகொண்டிருந்தார். முழங்கையால் இடித்தாள். "காபி நல்லாயிருக்கு" என்று சொல்லி விழித்துக்கொண்டார். காபி இன்னும் வந்திருக்கவில்லை.

சௌந்தரவல்லி கேசரித் தட்டைக் கீழே வைத்தாள். எழுந்துவிடப் போகிறாள் என்று வசுமதி நினைத்தாள். அவளோ பட்டுப் பையைத் திறந்து, புடவைக் கரைக்குப் பொருத்தமான அரக்கு நிறத்தில் ஒரு காற்றுமூடியை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டாள். நாலு இழுப்பு இழுத்ததும் முகம் தெளிந்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்க சம்பந்திம்மா."

சம்பந்திம்மா! வசுமதியின் கண் நிறைந்துவிட்டது.

"நல்ல குடும்பம்னு விசாரிச்சுட்டுத்தான் வந்தேன், அதான் கையோட கொண்டுவந்தேன். மூச்சு முட்டாத வீட்டுல நான் பொண்ணு எடுக்கறதில்ல. எங்க வீட்டுல நாலு வருஷமா எல்லாரும் இதைப் போட்டுக்கிட்டுதான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். தரையைப் பாத்தீங்கன்னா கண்ணாடி. ரெண்டு கூடுதலா இருக்கு, நீங்களும் போட்டுக்கோங்க."

போட்டுக்கொண்டார்கள். நாள், முகூர்த்தம் எல்லாம் மூடிக்குள்ளிருந்தே பேசி முடிவாயிற்று.

"பசங்களைக் கூப்பிடுங்க. பாவம், அவங்ககிட்ட மூடி இல்லையே!" என்றாள் சௌந்தரவல்லி திடீரென்று.

இரண்டு தாய்மார்களும் பதறிக்கொண்டு தேடினார்கள். கூடத்திலும் இல்லை, அறைகளிலும் இல்லை. சாமான் அறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரும் பாதம் பார்க்க வராத அறை என்பதால் இழுப்பானை அங்கே விடவில்லை. வசுமதி கதவைத் திறந்தாள்.

அறை முழுக்க மேடுகள். இருப்பதிலேயே பெரிய மேட்டில், ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, இளவேனிலும் நன்மாறனும் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கன்னங்களும் சிவந்திருந்தன. குளிர்ந்த, ஈரப் புல்லின் வாசனையுள்ள காற்று வசுமதியின் முகத்தில் மோதியது. தன்னையறியாமல் மூடியை இறக்கினாள். ஒரே ஒரு மூச்சு, அடிவயிறு வரை இறங்கியது. அப்படியே போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாமா என்றிருந்தது. திரும்பிப் பார்த்தாள். சௌந்தரவல்லியும் மூடியை இறக்கிவிட்டு, கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தாள்.

முதலில் சுதாரித்துக்கொண்டவள் சௌந்தரவல்லிதான். தொண்டையைச் செருமினாள். "இந்த அறை..."

வசுமதிக்கு மானம் போயிற்று. "யாரும் பாக்கமாட்டாங்கன்னு விட்டுட்டோம். நாளைக்கே ஆள் விட்டு இழுத்துடறேன்."

"பண்ணிடுங்க. கல்யாணத்துக்கு நாலு பேர் வந்து போற இடம்."

"அத்தை, இன்னும் கொஞ்ச நேரம் இங்கயே இருக்கோமே!" என்றாள் இளவேனில்.

"போதும், எழுந்திருங்க ரெண்டு பேரும்" என்று ஒரே குரலில் சொன்னார்கள் சம்பந்திகள். வசுமதியின் மூடி கோணலாக இருந்ததால், சௌந்தரவல்லியே அதை உரிமையோடு நேராக்கி, வாரை இழுத்து மாட்டிவிட்டாள்.