அலைக் கத்தியும் கொம்புக் கத்தியும்

"அதை வைங்க… நான் பாத்துட்டிருக்கேன்!"

சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று அவளுக்கே உறைத்தது. கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கத்தியைக் கையில் எடுத்தவனும் நிமிர்ந்து பார்த்தான். வெளியே மழை மட்டும் யாரையும் பார்க்காமல் தன்பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கண்ணாடி மேசைக்கு முன்னால் அவள் நெடுநேரமாக நின்றுகொண்டிருந்தாள். பச்சை வெல்வெட் துணியின் மேல் இரண்டே இரண்டு மடக்குக் கத்திகள். லிமிடெட் எடிஷன். பட்டறைக்காரர்கள் நூறே நூறு செய்து, ஒவ்வொன்றிலும் எண் பொறித்து, இனிமேல் இதைச் செய்வதில்லை என்று சொல்லிவிட்டார்களாம். கடைக்கு வந்ததில் மிச்சம் இந்த இரண்டுதான். ஒன்றுக்கு ஆலிவ் மரக் கைப்பிடி; அலகு முழுக்கக் காற்றுப்பட்ட குளம் மாதிரி அலை அலையாய் வரிகள். இன்னொன்றுக்குக் கறுப்பு எருமைக்கொம்புக் கைப்பிடி. வெறும் வெள்ளை அலகு, அலட்டலே இல்லை. விலை இரண்டுக்கும் ஒன்றுதான். வம்பே அங்கேதான். ஒன்று கொஞ்சம் மலிவாக இருந்திருந்தால் மனசு தானாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

இத்தனைக்கும் அவள் வேலை பார்ப்பது கண் பரிசோதனை நிலையத்தில். 'முதல் கண்ணாடி தெளிவா இருக்கா… ரெண்டாவது தெளிவா இருக்கா?' என்று நாள் முழுக்க ஊரையே கேட்கிறவள். பதில் சொல்லத் திணறுகிறவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரிக்கிறவள். இன்று அவள் முறை.

"மன்னிச்சிடுங்க…" என்றான் அவன். தலைமுடியிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது. "நீங்க அந்தக் கறுப்பைத்தானே கையில வச்சிருந்தீங்க?"

"ரெண்டையும் பாக்கறேன்."

"ரெண்டையும் வாங்கறீங்களா?"

"இல்ல."

"அப்போ ஒண்ணு எனக்கு மிஞ்சும். எதுன்னு முடிவு பண்ணுங்க, நிக்கறேன்." மேசையில் சாய்ந்து சாவகாசமாக நின்றுகொண்டான்.

'என்ன ஒரு தெனாவெட்டு!' என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சீக்கிரம் முடிவெடுன்னு சொல்றீங்களா?"

"ஐயோ, இல்லங்க. மழை விடற வரைக்கும் எனக்கும் போக்கிடம் இல்ல. மெதுவாப் பாருங்க."

இதற்கு மேல் மெதுவாகப் பார்த்தால் மானம் போய்விடும். அவன் கையிலிருந்த அலைக் கத்தியை வெடுக்கென்று வாங்கி, கடைக்காரர் முன்னால் வைத்தாள். "இதுதான்."

அவன் முகம் வாடும் என்று எதிர்பார்த்தாள். பளிச்சென்று மலர்ந்தது. "ரொம்ப நன்றிங்க! எனக்கு அந்தக் கொம்புதான் வேணும்."

"அப்போ இதை எதுக்கு எடுத்தீங்க?"

"அழகா இருந்துச்சு, எடுத்துப் பாத்தேன்… அழகா இருந்தா பாக்கக் கூடாதா?"

கத்தியைத்தான் சொன்னான். ஆனால் சொல்லும்போது கண் கத்தியில் இல்லை. அவள் காதுமடல் சூடாயிற்று.

"ஏன்… இதுல ஏதாவது குறையா?"

"குறையெல்லாம் இல்லங்க. நான் குடுக்கப் போற ஆளோட கைக்கு இது சரிப்படாது. அவ்வளவுதான்." கொம்புக் கத்தியை எடுத்து, எண்ணைப் படிக்க மூக்கருகே கொண்டுபோனான். இமைகளைச் சுருக்கினான். "எழுபத்தேழு… இல்ல, எழுபத்தொண்ணு…"

அவள் எட்டிப் பார்த்தாள். "பதினேழு!"

அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். கடைக்காரரும் சிரித்துவிட்டார். அவனோ அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கைப்பையிலிருந்து தன் நிலையத்தின் அட்டையை எடுத்து நீட்டினாள்.

"உங்களுக்கு முதல்ல கத்தி வேண்டாம் சார். கண்ணாடி வேணும்."

---

மறுநாளே வந்து நின்றான்!

சின்ன அறை. விளக்கை அணைத்துவிட்டு, அவன் நெற்றிக்கு நேராகக் குனிந்து, கண்ணுக்குள் வெளிச்சம் காட்டிப் பார்த்தாள். எத்தனை ஆயிரம் கண்களை இப்படிப் பார்த்திருப்பாள்! கண்புரைக் கண், தூக்கம் கெட்ட கண், பொய் சொல்லி விடுப்பு எடுக்க வந்த கண்… ஒன்றும் அவளை எதுவும் செய்ததில்லை. இந்தக் கண் காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. இமைக்காமல் இருந்தது. மூச்சை எப்படி விடுவது என்பதே அவளுக்கு ஒரு கணம் மறந்துபோயிற்று.

"முதல் கண்ணாடியா… ரெண்டாவதா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. இன்னொரு தடவ காட்டுங்களேன்."

காட்டினாள். மறுபடியும் கேட்டான். மறுபடியும் காட்டினாள்.

"சார்… வெளிய ஆள் காத்திருக்காங்க."

"சரிங்க, சரிங்க. ரெண்டாவது. அது அப்பவே தெளிவாத்தான் இருந்துச்சு."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா எழுந்து போகச் சொல்லிருவீங்களே…"

அவன் போன பிறகு அடுத்தவருக்கு வலது கண்ணுக்குப் பதில் இடது கண்ணை இரண்டு முறை சோதித்தாள். நல்ல வேளை, அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வார இறுதிக்குள் கண்ணாடி தயாராகிவிட்டது. அதை அவளே அவன் காதில் மாட்டி, சரிபார்த்தாள். அவன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். முகமெல்லாம் ஆச்சரியம்.

"இவ்வளவு நாளா என்னத்தப் பாத்துட்டிருந்தேன்னே தெரியலங்க…"

"என்ன வேலை பாக்கறீங்க நீங்க?" வெட்கத்தை மறைக்க எதையாவது கேட்க வேண்டியிருந்தது.

"நாடக அரங்கத்துல லைட்டு. சேந்து ரெண்டு மாசந்தான் ஆச்சு."

"அட! எங்க அப்பாவும் அரங்கத்துலதான். மேடைப் பொறுப்பு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை பகல் காட்சியோட ஓய்வு பெறறார். அவருக்குத்தான் அந்தக் கத்தி."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். சிரிப்பு போய்விட்டது.

"இடது கைக்காரரா?"

"ஆமா… எப்படித் தெரியும்?"

"ஏங்க… எங்க ஐயா பொண்ணா நீங்க! நான் வாங்கினதும் அவருக்குத்தான். எங்க லைட்டு ஆளுங்க எல்லாரும் சேந்து குடுக்கறோம்." தயங்கினான். பிறகு சொல்லியே விட்டான். "நீங்க வாங்கினது வலது கைக்குச் செஞ்சதுங்க. உள்ள இருக்கற பூட்டுத் தகட்ட வலது கட்டைவிரலாலதான் தள்ள வரும். ஐயா ஒரு கையில கயிறப் பிடிச்சுட்டு, இன்னொரு கையாலதான் கத்தியத் திறப்பார், மூடுவார். கொம்புக் கத்திக்குப் பூட்டு முதுகுல இருக்கு. எந்தக் கையாலயும் மூடலாம். மாத்திக்கலாமா? நீங்க கொம்புக் கத்தியக் குடுங்க, நான் உங்களோடதக் குடுக்கறேன்."

நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் அவளுக்குச் சுரீர் என்றது. பிறந்த நாளிலிருந்து பார்த்த கை! அந்தக் கை பிடித்துத்தான் நடக்கப் பழகினாள். இரண்டு மாதம் வேலை பார்த்தவன் அதைப் பற்றி அவளுக்குப் பாடம் எடுப்பதா?

"எங்க அப்பா கைக்கு எது சரிப்படும்னு எனக்குத் தெரியும்."

"இல்லங்க, நான் என்ன சொல்றேன்னா…"

"கண்ணாடி சரியா இருக்குல்ல? அப்போ கிளம்பலாம்."

கிளம்பிவிட்டான். வாசலில் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். அவள் வேண்டுமென்றே அடுத்தவரை அழைத்தாள்.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அலைக் கத்தியை இடது கையில் பிடித்து மூடிப் பார்த்தாள். கட்டைவிரல் தடவித் தடவித் தோற்றது. ஆள்காட்டி விரலை உள்ளே விட்டால் அலகு அந்த விரல் மேலேயே வந்து விழப் பார்த்தது. கடையில் அத்தனை நேரம் நின்று, வரியைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், வலது கையால் திறந்து திறந்து மூடினாள்… இடது கைக்கு ஒரு தடவை மாற்றிப் பார்க்கத் தோன்றவில்லையே! 'மக்கு, மக்கு' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவன் போன் எண் நிலையத்தில் இருந்தது. 'நீங்க சொன்னது சரி' என்று மூன்றே சொல் சொன்னால் போதும். ஆனால் அப்படி விரட்டியவனை எந்த முகத்தோடு கூப்பிடுவது? அவள் கூப்பிடவில்லை.

---

காட்சி முடிந்து திரை விழுந்ததும் மேடையிலேயே விடைகொடுப்பு. பாதி பிரித்த அரண்மனைச் சுவருக்கு முன்னால் ஒரு மேசை, அதன் மேல் ஒரு பெரிய கேக். அப்பா சுருக்கம் விழுந்த அதே வேலைச் சட்டையோடு, யார் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

அவள் பெட்டியை நீட்டினாள். அப்பா திறந்து பார்த்தார். முகம் அப்படியே விரிந்தது. "பாப்பா! எவ்வளவு அழகா இருக்கு… பாத்தீங்களாடா, எம்பொண்ணு வாங்கினது!" ஒருவர் விடாமல் காட்டினார்.

அவனும் நின்றான், பக்கத்திரை ஓரமாக, அவள் தேர்ந்தெடுத்த சட்டம் போட்ட கண்ணாடியோடு. கையில் ஒன்றுமில்லை.

"கத்தி வாங்கப் போன மகராசா, எங்கடா கத்தி?" விளக்குப் பிரிவுத் தலைவி, எல்லோருக்கும் அக்கா, அவனைப் பிடித்து உலுக்கினாள். "இப்படி எல்லார் மானத்தையும் வாங்கறியே!"

"கெடைக்கலக்கா… வித்துப் போச்சு."

"நாலு நாளா வாங்கிட்டேன், வாங்கிட்டேன்னு சொன்னியேடா!"

அவன் தலையைச் சொறிந்தான். கால்சட்டைப் பையில் புடைப்பு நன்றாகத் தெரிந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. அதை வெளியே எடுத்தால் மகளுடைய பரிசு அத்தனை பேர் முன்னால் தோற்றுப்போகும். அதற்குப் பதில் அவன் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

அப்பா புதுக் கத்தியை இரண்டு கையாலும் திறந்து கேக்கை வெட்டினார். துடைத்தார். பிறகு பழக்கதோஷத்தில் இடது கையால் மூடப் போனார். கட்டைவிரல் தேடியது… கிடைக்கவில்லை. இன்னொரு முறை… வழுக்கியது. ஒன்றுமே நடக்காத மாதிரி கத்தியைத் திறந்தபடியே மேசையில் வைத்தார்.

"புதுசுல்ல… பழகிரும்," என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. விரலை வெட்டிக்கொண்டாலும் அப்பா குறை சொல்ல மாட்டார், பழகிரும் என்றுதான் சொல்வார்!

"அப்பா, பழகாது," என்றாள். "இது வலது கைக்குச் செஞ்சது. எனக்கு நேத்தே தெரியும்ப்பா… ஒத்துக்க மனசு வரல. உங்க கைக்குச் சரியான கத்தி அவர் பையில இருக்கு. எனக்காகத்தான் மறைச்சு வச்சிருக்காரு. அக்கா, அவரைத் திட்டாதீங்க."

எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. அவன் பிறர் மேல் வெளிச்சம் போட்டே பழகியவன். தன் மேல் விழுந்ததும் திருதிருவென்று விழித்தான். பிறகு மெல்லப் பையில் கைவிட்டு எடுத்தான்.

அப்பா கொம்புக் கத்தியை இடது கையில் வாங்கினார். க்ளிக். திறந்தது. முதுகை அழுத்தினார், தொடையில் லேசாகத் தட்டினார். மூடியது. மறுபடியும் திறந்தார், மூடினார், குழந்தை மாதிரி. பிறகு மகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். மேடை வேலையில் இத்தனை வருஷம் இருந்தவருக்கு யார் எந்தப் பக்கத்திலிருந்து வரப்போகிறார்கள் என்று தெரியாதா?

"பாப்பா, இந்த அழகான கத்தி சும்மா கெடக்கக் கூடாது. வலது கைக்காரனா ஒருத்தனப் பாத்து நீயே குடுத்துரு," என்று சொல்லிவிட்டு, கேக் தட்டோடு அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார். அக்காவையும் இழுத்துக்கொண்டு போனார்.

பக்கத்திரைக்குப் பின்னால் இருவர் மட்டும். மூடிய கத்தியை அவள் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"என்னை ரொம்பத் திமிர் பிடிச்சவளா நினைச்சிருப்பீங்க…"

"கொஞ்சம்," என்றான். உடனே பதறினான். "இல்லங்க, கொஞ்சங்கூட இல்ல!"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே தைரியம் வந்தது.

"உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. கத்தியோட சேத்து சொல்லிரலாம்னு பாத்தேன்… அதான் சொல்லிட்டேன்."

அவன் கத்தியை வாங்கவில்லை. அதை ஏந்தியிருந்த கையைத்தான் பிடித்தான், இரண்டு கையாலும்.

"நாளைக்குப் பகல் நேரம் எனக்கு வேலை இல்லங்க," என்றான். "உங்க வீட்டுக்கு வந்து ஐயாகிட்ட முறையாப் பொண்ணு கேக்கறேன். வரலாமா?"

"வாங்க," என்றாள் அவள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.