மோசே நடுத்தெருவில் நின்றாள்

பஞ்சில் செய்த தாடி இப்படி அரிக்கும் என்று ரூத்துக்கு யாரும் சொல்லவில்லை.

சோமனூரில் அன்று சனிக்கிழமை. மே மாத வெயில் காலை பத்து மணிக்கே சுள்ளென்று அடித்தது. சர்ச்சில் பத்து நாள் நடந்த விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு அதுதான் கடைசி நாள். பிள்ளைகள் எல்லாரும் இஸ்ரவேல் மக்கள் வேடத்தில் சர்ச்சிலிருந்து சமுதாயக் கூடம்வரை ஊர்வலமாகப் போக வேண்டும். அங்கே பெற்றோர்கள் முன்னால் நாடகம். எகிப்தில் அடிமைகளாக இருந்த மக்களை மோசே மீட்டு, நாற்பது வருடம் வனாந்தரத்தின் வழியாக நடத்திக்கொண்டு போன கதை.

மோசே வேறு யாருமில்லை, ரூத்துதான். ஆறாம் வகுப்பு முடித்தவள். அந்த வேடத்துக்கு ஐந்து பையன்கள் போட்டி போட்டார்கள். ஆனால் கடைசி வரிசைவரைக்கும் எட்டும் குரல் அவளிடம்தான் இருந்தது.

"குரல் சரி. கொஞ்சம் கோபத்தைக் குறைச்சுக்க. மோசே எந்நேரமும் கத்திட்டே இருக்கல," என்று நாடகத்தைப் பழக்கிய சத்தியசீலன் சார் ஒத்திகையில் பல தடவை சொல்லிப் பார்த்தார்.

ஊர்வலம் கிளம்பியது. பிள்ளைகள் மொத்தம் இருபத்துநான்கு பேர். எல்லாருடைய தலையிலும் ஒரு துண்டு. ரூத் கையில் நீளமான கோலோடு முன்னால் நடந்தாள். பக்கத்தில் மோசேயின் அண்ணன் ஆரோனாக வின்ஸ்டன். அவனுக்குப் பன்னிரண்டு வயது. பின்னால் நான்கு பேர் தெர்மாகோல் பெட்டி ஒன்றை மூங்கில் கழியில் கட்டித் தூக்கி வந்தார்கள். தங்க நிறத் தாள் ஒட்டிய உடன்படிக்கைப் பெட்டி அது, கடவுளின் கட்டளைகளை வைக்கும் பெட்டி. கடைசியில் சார்.

ஊர்வலம் தறிக்காரத் தெரு வழியாகப் போனது. இரண்டு பக்கமும் விசைத்தறிக் கூடங்கள். டக்கட டக்கட என்று தறிகள் ஓடுகிற சத்தத்தில் காது அடைத்துப்போகும். அங்கே நடக்கும்போது யாரோ ரூத்தின் அங்கியைப் பிடித்து இழுத்தார்கள்.

குனிந்து பார்த்தாள். டீனா. ஆறு வயது. இஸ்ரவேலரிலேயே சின்னவள். வாயை அசைத்து ஏதோ சொன்னாள். சத்தத்தில் பாதிதான் கேட்டது.

"ரூத்தக்கா... பூனைக்குட்டி..."

"போய் வரிசையில நில்லு," என்றாள் ரூத். கோலை வேறு ஒரு தட்டுத் தட்டினாள். இரண்டு பக்கமும் ஆட்கள் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோசே நிமிர்ந்து நடக்க வேண்டிய நேரத்திலா பூனைக்குட்டி?

தெருமுனையில் ஒரு வேப்பமரம். அதைத் தாண்டினால் மெயின் ரோடு. ரோட்டைக் கடக்கும் முன் எண்ண வேண்டும் என்பது சாரின் கட்டளை. ரூத் எண்ணினாள்.

இருபத்துமூன்று.

மறுபடியும் எண்ணினாள். தன்னை விட்டுவிடவில்லையே என்று பார்த்து எண்ணினாள். வின்ஸ்டனும் எண்ணினான். அதே இருபத்துமூன்றுதான்.

"டீனாவைக் காணோம்," என்று ஒரு குட்டி இஸ்ரவேலன் சொன்னான்.

சாரின் முகம் வெளுத்துவிட்டது. வழியில் ஒரு பையனுக்குச் செருப்பு அறுந்துபோக, அவர் குனிந்து ஊக்குப் போட்டுவிட்டார். அந்த இரண்டு நிமிடத்தில்தான் பிள்ளை எங்கோ நழுவியிருக்க வேண்டும்.

"தண்ணி பாட்டிலை சர்ச்லயே விட்டுட்டேன்னு கிளம்பும்போது அழுதா. அதை எடுக்கத் திரும்பிப் போயிட்டாளோ என்னவோ," என்றார் சார். அந்த வழியாக வந்த ஒரு பைக்கைக் கை காட்டி நிறுத்தினார். "ரூத், எல்லாரையும் நிழல்ல உட்கார வை. நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் ரோட்டுப் பக்கம் போகக் கூடாது."

பைக் போய்விட்டது. இப்போது இஸ்ரவேல் மக்கள் ரூத்தின் பொறுப்பு.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முணுமுணுப்பு ஆரம்பித்தது.

"தாகமா இருக்குது."

"சர்ச்ல ஃபேனாவது இருந்துச்சு. எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தீங்க?"

"கூடத்துல பிரியாணி ஆறிப்போயிரும்."

நாடகத்தில் மக்கள் முணுமுணுக்கிற காட்சியை இவர்கள் ஒருநாளும் இவ்வளவு நன்றாக நடித்ததில்லை.

வின்ஸ்டன் ரூத்தின் காதருகே வந்தான். "டீனா சர்ச்லதான் இருப்பா. சார் கூட்டிட்டு வந்துருவாரு. நாம மெதுவா முன்னால போலாம். எல்லாரும் அங்க காத்துட்டு இருக்காங்க."

ரூத் வந்த தெருவைத் திரும்பிப் பார்த்தாள். அங்கியைப் பிடித்து இழுத்த அந்தச் சின்னக் கை இப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. டீனா சர்ச்சுக்குத் திரும்பிப் போகவில்லை. தறிக்காரத் தெருவரைக்கும் கூடவே வந்தாள். எதையோ காட்டக் கூப்பிட்டாள். போய் வரிசையில் நில் என்று விரட்டியது யார்?

"நாம போகல," என்றாள் ரூத். "மோசேயோட அக்கா மிரியாமுக்கு வியாதி வந்து, எல்லாரும் தங்கியிருந்த பாளையத்துக்கு வெளிய இருந்தாங்களே, சார் சொன்னாரே, ஞாபகம் இருக்குதா? அவங்க திரும்பி வர்ற வரைக்கும் ஏழு நாள் அத்தனை பேரும் நகராம காத்துட்டு இருந்தாங்க. நமக்கு ஏழு நிமிஷம்கூட ஆகல."

வின்ஸ்டன் தலையாட்டினான். "சரி. நான் என்ன செய்யட்டும்?"

"எல்லாரையும் பெட்டியோட கழியைப் பிடிச்சுட்டு உட்காரச் சொல்லு. எண்ணிட்டே இரு. நான் இந்தத் தெருவுக்குள்ளதான் இருப்பேன். உன் கண்ணுக்குத் தெரியற தூரத்துலயே."

வின்ஸ்டன் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தான். ரூத் தெருவுக்குள் திரும்பினாள்.

"டீனா... டீனா..."

அவளுடைய அந்தப் பெரிய குரல் தறிச் சத்தத்தில் கரைந்துபோனது. தொண்டை கிழியக் கத்தினாள். தன் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. டீனா பதில் சொன்னாலும் இதே கதிதான்.

ரூத் நடுத்தெருவில் அப்படியே நின்றாள். நாடகத்தில் அவளுக்கு ஒரு வசனம் உண்டு. மக்களின் தொல்லை தாங்காமல் மோசே ஆண்டவரிடம் முறையிடுகிற இடம். ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் அதைக் கூரை அதிரச் சொல்லுவாள். இப்போது அந்த வசனம் அவளுக்கு மறந்தே போயிருந்தது.

"ஆண்டவரே, என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல," என்று மெல்லச் சொன்னாள். "டீனாவுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

வானத்திலிருந்து குரல் எதுவும் கேட்கவில்லை. தறிச் சத்தம்தான் கேட்டது. டக்கட டக்கட டக்கட.

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. இனிமேல் கத்திப் பயனில்லை. தெருவே சும்மா இருந்தால்தான் உண்டு.

பக்கத்துத் தறிக்கூடத்தின் வாசலுக்கு ஓடினாள். உள்ளே நீலப் புடவை கட்டிய அம்மா ஒருவர் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். நிமிர்ந்தவர், வாசலில் வெள்ளைத் தாடியோடு ஒரு குட்டி ஆள் நிற்பதைப் பார்த்துத் திகைத்துவிட்டார். கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். அவர் பெயர் பூவாத்தாள்.

"ஏனுங் சாமி, ஆருங்க நீங்க?"

ரூத் தாடியைக் கழற்றினாள். "அக்கா, எங்ககூட வந்த சின்னப் பாப்பாவைக் காணோங்க. இந்தத் தெருவுலதான் எங்கயோ இருக்கறா. கூப்பிட்டா கேக்க மாட்டேங்குதுங்க. ஒரே ஒரு நிமிஷம் தறியை நிறுத்துறீங்களா?"

பூவாத்தாள் அவளுடைய முகத்தைப் பார்த்தார். ஓடுகிற தறியை யாரும் சும்மா நிறுத்திவிட மாட்டார்கள். ஆனால் அவர் வேறு கேள்வி கேட்கவில்லை.

"அழுவாதே கண்ணு. இரு, வாரேன்."

உள்ளே போனார். ஒவ்வொரு தறியாக ஆறு தறியும் நின்றன. பிறகு தெருவுக்கு வந்து, எதிர்க் கூடத்தில் இருந்தவரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். ஒரு விரலை உதட்டில் வைத்தார். நாள் முழுக்கச் சத்தத்திலேயே இருப்பவர்களுக்குச் சைகை போதும். எதிர்க் கூடம் நின்றது. அதிலிருந்தவர் அடுத்த கூடத்துக்குக் கை காட்டினார். அது நின்றது. அதற்கடுத்தது நின்றது. ஆட்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து பேசாமல் நின்றார்கள்.

கடைசித் தறியும் நின்றபோது, தெரு முழுக்க அப்படி ஒரு அமைதி. வேப்பமரத்தில் கத்திக்கொண்டிருந்த காக்காயின் சத்தம் கேட்டது. பதினெட்டு, பத்தொன்பது என்று வின்ஸ்டன் எண்ணுவது கேட்டது. அவனும் நிறுத்திக்கொண்டான்.

தட். தட் தட்.

யாரோ தகரத்தைத் தட்டுகிற சத்தம். மிகவும் மெல்லிய சத்தம்.

"அந்த ஷட்டருங்க," என்றாள் ரூத்.

நான்காவது கூடத்தை ஒட்டி, நூல் மூட்டைகள் வைக்கிற ஒரு அறை இருந்தது. அதன் ஷட்டர் இறக்கிப் பூட்டியிருந்தது. ரூத் ஓடிப்போய்த் தரையில் படுத்து, அடியில் இருந்த இடுக்கில் வாயை வைத்தாள்.

"டீனா. நான்தான், ரூத்தக்கா."

"அக்கா, இங்க ஒரே இருட்டா இருக்குது," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

ரூத் இடுக்குக்குள் ஒரு விரலை நீட்டினாள். "நான் இங்கயே படுத்திருக்கேன். என் விரல் தெரியுதா? பிடிச்சுக்க."

இடுக்கு வழியாக நாலு சின்ன விரல்கள் அவளுடைய விரலைப் பற்றிக்கொண்டன. வியர்வையில் நனைந்திருந்தன.

பூவாத்தாள் அதற்குள் செல்போனில் பேசிவிட்டார். அந்த அறைச் சாவியை வைத்திருந்த கூடத்துக்காரர் காளிச்சாமி டீக்கடையிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார். பூட்டைத் திறந்தார். ஷட்டர் மேலே போனது.

டீனா வெளியே வந்தாள். முகமெல்லாம் சிவந்து, தலைத்துண்டு தோளில் கிடந்தது. மடியில் ஏந்தியதுபோல் அங்கியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"மூணு குட்டிக்கா," என்றாள். அதற்குப் பிறகுதான் உதடு துடித்து, ஓவென்று அழுதாள். ரூத் அவளைக் கட்டிக்கொண்டாள். நடுவில் மாட்டிய பூனைக்குட்டிகளும் சேர்ந்து கத்தின.

"மூட்டையை வெச்சுப்போட்டு, உள்ள ஆளு இருக்குதான்னு பாக்காமயே இழுத்துப் பூட்டிப்போட்டனுங்க," என்று காளிச்சாமி எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு போய் ஒரு பெரிய தண்ணீர்க் கேனைத் தோளில் சுமந்துகொண்டு வந்து வேப்பமரத்தடியில் இறக்கினார். இஸ்ரவேல் மக்கள் அதற்கப்புறம் முணுமுணுக்கவில்லை. மடக் மடக் என்று குடிக்கிற சத்தம்தான் கேட்டது.

தறிகள் ஒவ்வொன்றாக மறுபடி ஓடத் தொடங்கியபோது பைக் வந்து நின்றது. சத்தியசீலன் சார் டீனாவைப் பார்த்தார். மரத்தடியில் அப்படியே உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

ரூத் அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"சார், அவ என்னைக் கூப்பிட்டா. நான்தான் காதுல வாங்காம விரட்டிவிட்டுட்டேன்."

"நானும்தான் செருப்பைப் பார்த்தேன், பிள்ளையைப் பார்க்கல," என்றார் சார். ஒரு டம்ளர் தண்ணீரை அவளிடம் நீட்டினார். "முதல்ல இதைக் குடி."

அது குளிர்ந்திருந்தது. முழுவதையும் குடித்த பிறகுதான் தனக்கு எவ்வளவு தாகம் என்பது ரூத்துக்குத் தெரிந்தது.

குட்டிகளைத் தாய்ப்பூனையிடமே விட்டார்கள். ஊர்வலம் மறுபடி கிளம்பியது. ரூத் கோலை வின்ஸ்டனிடம் கொடுத்தாள்.

"ரோட்டுல நீ முன்னால போ. மேடையில வாங்கிக்கறேன்."

"அப்ப நீ?"

அவள் டீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சாரையும் தாண்டிக் கடைசியில் போய் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் எல்லாரும் தெரிந்தார்கள். எண்ணினாள். தன்னைச் சேர்த்து இருபத்துநான்கு.