இன்ஜெக்டர் ஊசியில் ஒரு கட்டைவிரல்

வெள்ளிக்கிழமை காலை ரூஜேனாவின் சமையலறைக்குள் நுழைந்த விலெம் ஹானாக், மேலங்கியைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு தீப்பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"செஞ்சது ஓத்மார்தான். இதுல துப்பறிய ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை சங்கக் கமிட்டியில அத நீங்க உங்க வாயால சொல்லணும், அவ்வளவுதான்."

ரூஜேனா முப்பத்தோரு ஆண்டுகள் ஒரு டீசல் பம்புத் தொழிற்சாலையில், பாகங்களை அளந்து சோதிக்கும் அளவை அறைக்குத் தலைவியாக இருந்தவர். செக் நகரமான பிர்னோவில் வீட்டில் லேத் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் அவரிடம் ஒரு முறையாவது திட்டு வாங்கியவர்கள். ஓய்வு பெற்ற பிறகும் ஆளாளுக்குத் தங்கள் வழக்கை அவரிடம்தான் கொண்டுவந்தார்கள். எது வந்தாலும் மேல்மாடி லுபோர் வாசனை பிடித்ததுபோல் கீழே இறங்கி வந்துவிடுவார். டிராம் ஓட்டுகிறவர், தண்டவாளத்தை விட்டு விலக முடியாத வேலை என்பதாலோ என்னவோ, அவருடைய ஊகங்கள் மட்டும் நாலா பக்கமும் ஓடும்.

ரூஜேனா இடுக்கியால் தீப்பெட்டிக்குள் இருந்த மெல்லிய தாளைப் பிரித்தார். மூன்று மில்லிமீட்டர் பருமனில், பாதி விரல் நீளத்தில் ஓர் எஃகு ஊசி. அதன் வால்பக்கத்தில் பழுப்பாக ஒரு துருக்கறை. லென்ஸ் வைத்துப் பார்த்தால், அது ஒரு கட்டைவிரலின் ரேகை.

விலெம் கதையைச் சொல்லச் சொல்ல, தட்டில் இருந்த பிளம் ஜாம் பன்கள் குறைந்துகொண்டே வந்தன. காபிக் கோப்பை உயரத்தில், உண்மையாகவே ஓடக்கூடிய ஒரு டீசல் இன்ஜின். நான்கு வருட வேலை. உடலையும் பிஸ்டனையும் கடைந்தது ஓத்மார், எரிபொருளைப் பீச்சும் இன்ஜெக்டர் விலெமுடையது. சின்ன இன்ஜினில் எல்லாவற்றையும் சின்னதாகச் செய்துவிடலாம், இன்ஜெக்டரைத் தவிர. ஊசியும் அது ஓடும் உறையும் ஒன்றோடொன்று தேய்த்துச் சேர்த்த ஜோடி. இடைவெளி தலைமுடியை நூறாகப் பிளந்தால் அதில் ஒரு பங்கு. பதினேழு ஊசிகளைக் குப்பையில் போட்ட பிறகு பொருந்தியது இந்த ஒன்றுதான். மூன்று வாரம் முன்பு முடித்து, எண்ணெய்த்தாளில் சுற்றி, சின்ன இன்ஜின் செய்கிறவர்களின் சங்கத்தில், அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். சாவி இரண்டு பேரிடம்: அவரும் ஓத்மாரும்.

"செவ்வாய்க்கிழமை எடுத்தேன். உறைக்குள்ள போகல. அரை மணி நேரம் கையில வெச்சுப் போராடினேன். யாரோ கெடுத்துட்டாங்கன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஸ்பிரிட்ல துடைச்சு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். நேத்து தலைவர் கமில் முன்னாடி பிரிச்சா இந்தக் கட்டைவிரல்."

"துடைச்சப்போ கறை இருந்துச்சா?" என்று கேட்டார் ரூஜேனா.

"இல்ல. லென்ஸ் வெச்சுப் பாத்தேன், கண்ணாடி மாதிரி இருந்துச்சு. உள்ள ஊறி அப்புறமா வெளிய வந்திருக்கும்."

அதற்குமேல் விளக்கம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. ஓத்மார் துருக்கைக்காரர் என்பது ஊரறிந்த விஷயம். சிலருடைய வியர்வை பட்டால் எஃகு ஒரே இரவில் துருப்பிடிக்கும். தொழில் பழகும் பதினைந்து வயதிலேயே எல்லாரையும் சோதித்து, கை இப்படி, கை அப்படி என்று முத்திரை குத்திவிடுவார்கள். சாகும்வரை அந்தப் பெயர்தான். விலெமுக்குக் கிடைத்தது 'காய்ந்த கை'. பட்டம் வாங்கியவர் போல அதை அவர் நாற்பத்தைந்து வருடமாகச் சொல்லித் திரிந்தார்.

விலெம் எழுந்து ஜன்னலைத் திறந்தார். ஏப்ரல் குளிர் உள்ளே பாய்ந்ததும் லுபோர் கழுத்துத்துணியை இழுத்துச் சுற்றிக்கொண்டார்.

"அண்ணே, நாலு பன்ன உள்ள தள்ளிட்டீங்க, ஆனா பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்ட போட்டிருக்கீங்க. எங்கதான் போகுது சாப்பிட்டதெல்லாம்?"

"முப்பது வருஷச் சிநேகிதன் முதுகுல குத்தினா உடம்பு கரையாம என்ன செய்யும்?" என்றார் விலெம். அவருடைய விரல்கள் மேசைமேல் மெல்ல நடுங்கின. அவர் கையை எடுத்த இடத்தில், மேசை விரிப்பில் ஈரமாக ஐந்து விரல்களும் பதிந்திருந்தன. ரூஜேனா அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஓத்மாருக்கு இதில் என்ன லாபம் என்று கேட்டார்.

விலெம் தயங்கினார். இன்ஜினைக் கண்காட்சிக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் தன் பெயரை மட்டும் எழுதியதாகவும், அதை ஓத்மார் பார்த்துவிட்டதாகவும், அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை என்றும் ஒப்புக்கொண்டார். சொல்லும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குற்ற உணர்ச்சி உள்ளவனுக்குப் பழிவாங்கல் எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கும் என்று தோன்றும். விலெமுக்கு மூன்று வாரமாக அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

மதியம் அவர்கள் சங்கத்துக்குப் போனார்கள். பழைய பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் ஆறு லேத்துகள். ஓத்மார் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார். சலவைச் சோடா போட்டு, துடைத்து, வாஸ்லின் தடவி, பிறகுதான் வேலையைத் தொட்டார். அதுவும் மர இடுக்கியால். மனைவி இறந்த பிறகு அவருக்கு இருக்கிற ஒரே இடம் இந்த அடித்தளம்தான். ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து சாவியை வாங்கிவிட்டால், அந்த மனிதர் காலையில் எழுந்து எங்கே போவார் என்று ரூஜேனாவுக்குக் கவலையாக இருந்தது.

"நீங்க தொட்டீங்களா?" என்று லுபோர் நேராகவே கேட்டார்.

"இல்ல" என்றார் ஓத்மார்.

ரூஜேனா விலெமின் மேசைக்குப் போனார். மைக்ரோமீட்டர், அளவுகோல், சின்ன வைஸ், எல்லாம் பளபளவென்று இருந்தன. மைக்ரோமீட்டரை எடுத்து முகர்ந்து பார்த்தார். வாஸ்லின் போடுவீர்களா என்று விலெமைக் கேட்டார். அதெல்லாம் துருக்கைக்காரர்கள் பாடு, தனக்கு மெஷின் எண்ணெய்கூட அதிகம் என்று விலெம் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். ஓத்மார் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு ரூஜேனா கைப்பையிலிருந்து நான்கு எஃகுத் துண்டுகளை எடுத்தார். விலெம், ஓத்மார், கமில், லுபோர் நால்வரும் தங்கள் பெயரின் முதலெழுத்தை அதில் தாங்களே பொறித்தார்கள். அவர் நான்கையும் ஸ்பிரிட்டால் துடைத்துக் கொடுக்க, ஆளுக்கு ஒரு நிமிடம் கையில் பிடித்தார்கள். நான்கையும் தனித்தனித் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

"ஓத்மார் துண்டுல துரு வரும்; இது எனக்கே தெரியுமேக்கா" என்றார் லுபோர், திரும்பும் வழியில்.

"வரட்டும். உனக்குத் தெரியாதது மத்த மூணுல இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கமிட்டி கூடியது. ஓத்மாரை நீக்கும் தீர்மானத்தைக் கமில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். ஓத்மார் சாவியை வளையத்திலிருந்து கழற்றி மேசைமேல் தயாராக வைத்திருந்தார்.

ரூஜேனா முதலில் ஊசியையும் உறையையும் எடுத்தார். இரண்டும் காலையிலிருந்து ஜன்னல் விளிம்பில் ஒன்றாக, ஒரே குளிரில் இருந்தவை. இடுக்கியால் ஊசியைத் தூக்கி, எண்ணெயில் தோய்த்து, உறையின் வாயில் வைத்து விட்டார். அது தன் எடையிலேயே வழுக்கி, மெதுவாக உள்ளே இறங்கியது.

"ஊசிய யாரும் கெடுக்கல. அரை மணி நேரம் சூடான கையில இருந்தா எஃகு விரியும். இந்த இடைவெளிக்கு அந்த விரிவே போதும். விலெம், இருபது வருஷமா ஊசியக் கையிலதான் போடுறீங்க, அப்பல்லாம் உள்ள போச்சு. உறை மாறல, ஊசி மாறல. அப்ப மாறினது என்ன?"

விலெம் கைகளை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"கறைக்கு வருவோம். செவ்வாய்க்கிழமை துடைச்சப்போ ஊசி கண்ணாடி மாதிரி இருந்துச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. வியர்வைத் துரு மூணு வாரம் ஒளிஞ்சிருந்து வராது. ராத்திரி தொட்டா காலையில தெரியும். அதனால அந்த விரல் பட்டது துடைச்சதுக்கு அப்புறம். அதுக்கப்புறம் ஊசி இருந்தது உங்க வீட்டுல. தொட்டது நீங்க ஒருத்தர்தான்."

"என் கை காஞ்ச கை" என்றார் விலெம்.

ரூஜேனா தாள்களைப் பிரித்தார். லுபோரின் துண்டும் கமிலின் துண்டும் சுத்தமாக இருந்தன. ஓத்மாரின் துண்டில் வெளிறிய பழுப்பு. நான்காவது துண்டு முழுக்கக் கருஞ்சிவப்பாகத் துருவேறியிருந்தது; நடுவில் விலெம் தன் கையால் பொறித்த எழுத்து.

"குளிர்ல ஜன்னலத் திறக்குறீங்க. நாலு பேர் சாப்பாடு சாப்பிட்டும் இளைக்கிறீங்க. விரல் நடுங்குது, உள்ளங்கை சுடுது, வேர்த்து ஊத்துது. இது கோவமில்ல விலெம். கழுத்துல இருக்குற தைராய்டு சுரப்பியா இருக்கும்னு நினைக்கிறேன். எங்க அளவை அறையில ஒரு பொண்ணுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. மருந்து குடுத்துக் குணமாக்கினாங்க. நாளைக்கே டாக்டரப் பாருங்க."

விலெம் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அது தன்னுடையதல்ல என்பதுபோல் பார்த்தார். பிறகு, கடைசிப் பிடியாக, அப்படியானால் இங்கே இருக்கும் தன் கருவிகளில் ஏன் ஒரு பொட்டுத் துருவும் இல்லை என்று கேட்டார்.

"அத என்கிட்டக் கேக்காதீங்க. உங்க மைக்ரோமீட்டர்ல வாஸ்லின் வாசனை அடிக்குது. இங்க வாஸ்லின் டப்பா ஒருத்தர்கிட்டதான் இருக்கு."

எல்லாரும் ஓத்மார் பக்கம் திரும்பினார்கள். ஓத்மார் மேசையைப் பார்த்துக்கொண்டே விலெமிடம் பேசினார்.

"பிப்ரவரியில உன் அளவுகோல்ல துருவப் பாத்தேன். டாக்டர்கிட்டப் போன்னு சொன்னேன், வேலையப் பாருன்னு சொல்லிட்ட. நாலு பேர் முன்னாடி சொன்னா லேத்தையே தொடாம விட்டுடுவியோன்னு பயம். அதனால நீ வீட்டுக்குப் போனதும் துடைச்சு வெச்சேன். தீப்பெட்டிய நீ வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்ட, அதத் துடைக்க முடியல."

"தினமுமா? விண்ணப்பத்தப் பாத்ததுக்கு அப்புறமுமா?" என்று கேட்டார் விலெம்.

"கோவம் உன் மேல. மைக்ரோமீட்டர் மேல எனக்கென்ன கோவம்?"

கமில் தீர்மானத் தாளைச் சத்தமில்லாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். விலெம் கண்காட்சி விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கினார். தன் பெயருக்கு மேலே, கோணல் மாணலாக நடுங்கும் எழுத்தில், ஓத்மாரின் பெயரை எழுதினார். காகிதத்தில் அவருடைய கை பட்ட இடம் ஈரமாகிச் சுருங்கியது. மன்னிப்புக் கேட்க அவர் வாய் திறந்தபோது கண்ணீர்தான் வந்தது.

ஓத்மார் சாவியை எடுத்துத் திரும்ப வளையத்தில் மாட்டினார். வாஸ்லின் டப்பாவை மேசையின் குறுக்கே விலெம் பக்கம் தள்ளினார்.

"மொதல்ல சோடாவுல கழுவு, அப்புறம் இதத் தடவு. டாக்டர்கிட்ட நானும் வரேன். எத்தன மணிக்குப் போகணும்?"

விலெம் எட்டு மணிக்கு என்றார். பிறகு எழுந்து தொட்டிக்குப் போய்க் கை கழுவத் தொடங்கினார்.