இடுப்பில் கட்டிய கத்தி

பழைய சந்தையின் கடைசிச் சந்தில், படி இறங்கிப் போக வேண்டிய கடை அது. பட்டப்பகலிலும் உள்ளே விளக்கு எரிந்தது. எண்ணெயும் துருவும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. எனக்குப் பொதுவாகவே கடைக்காரர்களைக் கண்டால் ஆகாது. அன்று காலையிலிருந்தே எரிச்சல் வேறு.

விபத்தில் நசுங்கிய வண்டிகளை இழுத்துப் போவது எங்கள் தொழில். நான் ஓட்டுவேன், கொக்கி மாட்டுவது என் மனைவி. போன வாரம் கவிழ்ந்து கிடந்த காருக்குள் ஒருவர் சீட் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தார். ஈரக்கையில் என் மடக்குக் கத்தி விரியவே மாட்டேன் என்றது. அவள்தான் உடைந்த கண்ணாடித் துண்டால் பெல்ட்டை அறுத்தாள், தன் உள்ளங்கையையும் சேர்த்து. மடங்காத கத்தி ஒன்று எந்நேரமும் என் உடம்போடு இருந்தால்தான் இனி வண்டியில் ஏறுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முதல் கத்தி ஆடு உரிக்கிற நீளம். அடுத்தது வெறும் பளபளப்பு, வியர்வை பட்டாலே பிடி வழுக்கும். இன்னொன்றின் நுனி ஊசி மாதிரி இருந்தது. காப்பாற்றப் போன இடத்தில் குத்திவிட்டு வர வேண்டியதுதான். அப்போதுதான் அவர் முதுகுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியதைப் பார்த்தேன். விரல் நீள அலகு, மழுங்கிய நுனி, சொரசொரப்பான பிடி. உறை மட்டும் பழையது.

"அது விக்கிறதுக்கு இல்ல."

விற்காததை எதற்கு மாட்டி வைத்திருக்கிறீர்கள் என்று வம்புக்கு நின்றேன். கடைசியில் வேண்டா வெறுப்பாக எடுத்து மேசையில் போட்டார். அதை வைத்திருந்தவரும் ஓட்டுநர்தானாம். வண்டி நசுங்கியபோது சீட் பெல்ட், இடுப்பில் கட்டியிருந்த கத்தியின் மேலேயே இறுகிக்கொண்டதாம். கடைசி மூச்சு வரை அவர் கை அதைத் தேடிக்கொண்டே இருந்ததாம்.

"கழுத்துல மாட்டிக்குங்க, சட்டைப் பையில வச்சுக்குங்க. இடுப்புல மட்டும் கட்டாதீங்க."

இவர் யார் எனக்குப் புத்தி சொல்ல? வீம்புக்கு, அவர் கண்ணெதிரிலேயே இடுப்பில் கட்டிக்கொண்டேன். நீட்டிய பணத்தை வாங்கிக்கொண்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளியே காத்திருந்த மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பாலத்தில் ஏறும்போது வண்டிக்குள் ரப்பர் கருகும் வாடை அடித்தது. என் இடுப்பில் ஏதோ ஊர்ந்தது.

விரல்கள்.

"கைய எடு. ஓட்டிட்டிருக்கேன்ல."

"எந்தக் கைய?"

கட்டுப் போட்ட கையும் நல்ல கையும் அவள் மடியில்தான் இருந்தன.

விரல்கள் என் சீட் பெல்ட்டுக்கு அடியில் புகுந்தன. கத்தியின் பிடியைத் தடவின. வழுக்கின. மறுபடியும் தடவின. சட்டைத் துணியைத் தாண்டி அந்தச் சில்லிப்பு எலும்புவரை இறங்கியது. யாரோ என் காதருகில் மூச்சுக்குத் திணறினார்கள்.

உறையின் பொத்தான் தானாகத் திறந்தது.

வண்டியை ஓரங்கட்டினேன். சீட் பெல்ட்டைக் கழற்றி, கத்தியை உறையோடு பிடுங்கி, ஜன்னல் வழியாக ஆற்றில் வீசினேன். தொலைந்தது சனியன் என்று வாய்விட்டே சொன்னேன். வாடை மட்டும் போகவில்லை.

அவளுடைய பெல்ட் மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டது.

வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. பெல்ட் இன்னும் இழுத்தது. அவள் தோள் இருக்கையோடு அழுந்தியது. பொத்தானை அமுக்கினேன். இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினேன். அசையவில்லை. விரலை உள்ளே விட்டு இழுக்கவும் இடமில்லை. அவள் உதடு நீலம் பூத்தது.

"என்னங்க," என்றாள், காற்றே இல்லாத குரலில். "கத்தி. சீக்கிரம்."

எறிந்ததை மறந்து என் கை இடுப்புக்குப் பாய்ந்தது.

அங்கே ஏற்கெனவே ஒரு கை தேடிக்கொண்டிருந்தது.