மெல்லிய குழலின் முதல் குண்டு

"பன்னிரண்டு ராத்தல்! இதைத் தூக்கிக்கிட்டு அந்தப் பாறையில நான் ஏறணுமா?"

துரைக்கண்ணு தன் ரைஃபிளைப் பட்டறை மேசையில் தொப்பென்று வைத்தார். 1938-இல் ஜவ்வாது மலையடிவாரத்தில் அவருக்கு ஈடான வேட்டைக்காரர் கிடையாது. அதை அவரே தினமும் சொல்லிக்கொண்டிருந்ததால் ஊருக்கு அந்த வேலை மிச்சம்.

வாசலில் மலைக்காரி வெள்ளச்சி மூச்சு வாங்க நின்றாள். தேனெடுக்கப் போன அவள் புருஷன் குப்பன், கால் முறிந்து பாறை விளிம்பில் கிடக்கிறான். அவனுக்குக் கீழே, ஏற்கெனவே இரண்டு பேரைத் தின்ற சிறுத்தை படுத்துக் காத்திருக்கிறது. குப்பன் மூட்டிய நெருப்புக்குப் பயந்துதான் அது இன்னும் மேலே தாவவில்லை.

"சுள்ளி தீர்ந்துச்சுன்னா எல்லாம் போச்சுண்ணே! எதிர்ப்பாறை உச்சியில இருந்துதான் அதைச் சுட முடியும். கொடியைப் புடிச்சுக்கிட்டுதான் ஏறணும்."

துப்பாக்கி பழுதுபார்க்கும் பிச்சாண்டி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்த ரைஃபிளுக்கு அவரிடம் இரண்டு குழல்கள் இருந்தன. தடித்த நீளக் குழல் எத்தனை முறை சுட்டாலும் குறி தப்பாது, ஆனால் பிணக்கனம். மற்றது அவரே இழைத்து மெலிதாக்கி, நாலு விரற்கடை குட்டையாக வெட்டியது. அதை மாட்டினால் எட்டே ராத்தல்!

"இதை மாட்டித் தர்றேன். என் கை பட்ட குழல் பொய் சொல்லாதுண்ணே!"

மாட்டியதும் நூற்றைம்பது கஜத்தில் ஒரு பலகையை நிறுத்தி, சுண்ணாம்பில் வட்டம் போட்டுச் சுட்டுப் பார்த்தார். முதல் குண்டு நட்டநடுவில் பாய்ந்தது. அவசரத்தில் அடுத்தடுத்து நாலு குண்டு சுட்டார். அவை கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி, கடைசிக் குண்டு ஒரு சாண் உயரத்தில் போய் விழுந்தது. முதல் குண்டு குருட்டு அதிர்ஷ்டம் என்று முடிவுகட்டி, குண்டு தாழ்ந்து போகும்படி பின்பக்கக் குறிமுள்ளைக் கீழே இறக்கினார். ஆறாவது குண்டு நடுவில் பட்டது. "கிளம்பலாம்!" என்றார்.

வெள்ளச்சி வழிகாட்ட, மூவரும் காட்டில் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். பாறை செங்குத்தாக நின்றது. ரைஃபிளைப் பிச்சாண்டி தன் முதுகில் கட்டிக்கொண்டார். அவர் கால் வைத்த கல் ஒன்று சரிந்து பள்ளத்தில் உருண்டது. "கீழ பாக்காதீங்க! கொடியை விடாதீங்க!" என்று மேலிருந்து வெள்ளச்சி கத்தினாள். தடித்த குழலோடு வந்திருந்தால் அந்தக் கல்லோடு தானும் போயிருப்போம் என்று பிச்சாண்டிக்கு நன்றாகவே தெரிந்தது.

உச்சியில் மூவரும் குப்புறப் படுத்தார்கள். எதிரே நூற்றைம்பது கஜத்தில் குப்பன் தெரிந்தான். அவன் நெருப்பில் நூலாகத்தான் புகை மிச்சம். கீழே சிறுத்தை சோம்பல் முறித்து எழுந்தது.

ரைஃபிளை நீட்டும்போது பிச்சாண்டியின் கை குழலில் பட்டது. பட்டறையில் தோசைக்கல்லாகக் கொதித்த குழல் இப்போது ஜில்லென்று இருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. மெல்லிய குழல் சூடேறினால் குண்டு இடம் மாறும். சூட்டில் வைத்த குறி குளிரில் எப்படிச் சரியாக இருக்கும்? அந்த முதல் குண்டுதான் நிஜம்!

சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் குப்பன் போவான்.

"அண்ணே, நான் தப்புப் பண்ணிட்டேன். குழல் ஆறும் முன்ன குறி வெச்சுட்டேன். குண்டு ஒரு சாண் கீழ போகும். ஒரு சாண் மேல வெச்சுச் சுடுங்க."

"முப்பது வருஷமா எனக்கு எவனும் இடம் சொன்னதில்ல!"

"அவர் சொல்றபடி செய்யுங்கண்ணே!" என்றாள் வெள்ளச்சி. "தப்புப் பண்ணேன்னு தானா வந்து சொல்றவரு வேற எதுக்குப் பொய் சொல்லப் போறாரு?"

புகை அறுந்தது. சிறுத்தை பின்னங்கால்களை மடக்கிப் பதுங்கியது. துரைக்கண்ணு பல்லைக் கடித்தார். அவர் வைத்த குறி மெல்ல ஒரு சாண் உயர்ந்தது.

டமார்!

தாவ எழுந்த சிறுத்தை தோளில் அடிபட்டுப் பள்ளத்தில் விழுந்தது. பிறகு அசையவே இல்லை. "அடியே வெள்ளச்சி!" என்று எதிர்ப்பாறையிலிருந்து குப்பன் அலறினான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பிச்சாண்டிக்கும் கண் நிறைந்துவிட்டது.

குப்பனைத் தூளியில் சுமந்துகொண்டு ஊருக்குள் நுழைந்தபோது பறை முழங்கியது. "ஒரே குண்டாமே! குழல்னா பிச்சாண்டி குழல்தான்!" என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். பிச்சாண்டி கையெடுத்துக் கும்பிட்டுத் தன் தப்பை ஒன்று விடாமல் சொன்னார்.

"அப்போ சிறுத்தையைக் கொன்னது யாரு?" என்று ஒருவர் கேட்டார்.

எல்லோரும் துரைக்கண்ணுவைப் பார்த்தார்கள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு தொண்டையைக் கனைத்தார்.

"விசையை இழுத்தது நான்," என்றார். "எங்கே சுடணும்னு சொன்னது இந்த ஆளு. தப்பை ஒத்துக்கத் தெரியாத ரிப்பேர்காரன் கையில என் துப்பாக்கியை இனிமே குடுக்க மாட்டேன்!"