எந்த விரலும் அவள் விரல்

மதியம் இரண்டு மணிக்கு யா-ஹுய் சோதனைக்கூடத்துக்கு வந்தாள். தைவானின் சிஞ்சுவில் எல்லாச் சில்லு நிறுவனங்களையும் போல அவர்களும் வாசலில், இறந்தவர்கள் திரும்பி வருவதாக நம்பும் ஆவி மாதத்துக்கான படையலை வைத்திருந்தார்கள். ஜன்னலில்லாத அந்த அறைவரை ஊதுவத்திப் புகை ஏறியிருந்தது.

மேசையில் போலீஸ் முத்திரையிட்ட பைக்குள் ஒரு கைபேசி. அதன் விரல்ரேகை உணரி அவர்கள் நிறுவனம் செய்தது.

பெங் யுன்-ஜென் என்ற நர்ஸுடையது. பிரிந்துபோன கணவன் அதைப் பறித்து, திரையில் மெல்லிய பசைத்தாளை ஒட்டி, தன் விரலாலேயே திறந்தான். அவள் ஒளிந்திருந்த வீட்டு முகவரி உள்ளே இருந்தது. அன்று மாலையே அவளைக் கொன்றான்.

அந்தத் தாளை ஒட்டினால் எந்த விரலையும் உணரி சொந்தக்காரியின் விரலாக எடுத்துக்கொள்ளும். அதைச் சென்ற ஆண்டே கண்டுபிடித்தவள் யா-ஹுய். ‘சிறு குறை’ என்று எழுதிக் கொடுத்தவளும் அவள்தான்.

“உணரி சரியா இருக்குன்னு ஒரு வரி எழுது. கோர்ட்டுக்குப் போகணும்” என்றார் மேனேஜர் காவ்.

“யுன்-ஜென் செத்ததே…”

“செத்தவங்க பேரை இந்த மாசத்துல சொல்லாத.”

“சிறு குறைன்னு நீங்கதான் எழுதச் சொன்னீங்க.”

“சொன்னேன். எழுதின கை யாரோடது? அன்னைக்குத் தயங்கலையே.”

இன்றைய தயக்கம் குற்றவுணர்வாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தாள். வேலை போய்விடும் என்ற பயம்தான்.

பையைப் பிரித்து, கைபேசியில் அதே போன்ற பசைத்தாளை ஒட்டி விரலை வைத்தாள். திறக்கவில்லை. பத்து முறை. கைபேசி பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது.

“பாத்தியா? ஒரு குறையுமில்ல.”

அந்த ஒரு வரியை எழுதினாள். ஒப்பமிட, கணினியின் விரல்ரேகைக் கருவியில் பெருவிரலை வைத்தாள்.

திரையில் பெயர் வந்தது.

பெங் யுன்-ஜென்.

விரலைத் துடைத்தாள். மருத்துவமனை ஸ்பிரிட் வாசனை. மறுபடி வைத்தாள்.

பெங் யுன்-ஜென்.

“விளையாடறியா? தள்ளு.” காவ் தன் விரலை அழுத்தினார்.

பெங் யுன்-ஜென்.

அவர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். “பதிவை அழி” என்றார், மூச்சு மட்டுமாக.

“எந்த விரலால, மேனேஜர்?”

பொய்யில் ஒப்பமிடக்கூட அவளுக்கென்று ஒரு விரல் மிச்சமில்லை.

கீழே படையல் முடிந்தது. எல்லோரும் வாயிலில் விரல் பதித்து உள்ளே வரத் தொடங்கினார்கள். சுவரிலிருந்த வருகைத் திரையில் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்தன.

ஒரே பெயர்.

நாற்பது பேர் படியேறி வரும் சத்தம் கேட்டது.

எல்லாம் ஒரே நடையாக இருந்தது.