சாட்சி சொல்ல வந்த புராணம்

மாலைச் செவ்வொளி மங்கி, கீழ்வானில் முழுமதி எழுந்து, மணிநீராற்றின் பரப்பெங்கும் வெள்ளியை உருக்கி வார்த்தாற்போல் நிலவு படர்ந்த அந்த ரம்மியமான வேளையில், அன்பார்ந்த வாசகர்களே, ஆற்றங்கரைக் கோட்டையின் நியாய சபையில் ஒருவருக்கும் அதைப் பார்க்கப் பொறுமையில்லை. நமக்கும்தான் இல்லை. உச்சிப்பொழுதிலிருந்து மலைக்கோயில் குரு விமலாசாரியர் ஒரே பேச்சையல்லவா பேசிக்கொண்டிருக்கிறார்!

வடகரையில் பிறந்த படைத்தலைவன் எயினன் காரிக்கும் இளவரசி தேனார்மொழிக்கும் மணம் பேசியாகிவிட்டது. வடகரையார் சாபம் பெற்ற குலம், அவர்கள் அரண்மனை ஏறினால் மழை பொய்க்கும் என்கிறதாம் மலைக்கோயில் புராணம். காரியை நாடு கடத்த வேண்டுமென்று ஆசாரியர் வழக்குத் தொடுத்துவிட்டார். பாவம், காரி கைகள் கட்டப்பட்டு நின்றான்.

"ஆசாரியரே, புராணம் மெய் என்பதற்கு என்ன சாட்சி?" என்றாள் இளவரசி.

"தேவி, 'இது தெய்வ வாக்கு' என்று முதல் ஏட்டிலேயே இருக்கிறதே!"

"அந்த ஏடு மெய் என்பதற்கு?"

"தெய்வம் பொய் சொல்லுமா, தாயே?"

"ஐயோ! சொன்னது தெய்வம்தான் என்று யார் சொன்னது?"

"புராணம்தான்!"

இளவரசி தலையில் அடித்துக்கொண்டாள். நாமாயிருந்தால் ஆசாரியரின் தலையில் அடித்திருப்போம்.

"தந்தையே! தன் வழக்குக்குத் தானே சாட்சி சொல்ல வருபவனை வெளியே அனுப்புவது இச்சபையின் வழக்கம். நேற்று எருமை வழக்கில் ஒருவனை அப்படித்தானே அனுப்பினீர்கள்? எருமைக்காரனுக்கு ஒரு நீதி, ஏட்டுக்கு ஒரு நீதியா?"

மன்னர் அரிகண்டதேவரின் முகம் வெளுத்திருந்தது. "ஆசாரியரே, வேறு சாட்சி உண்டா?"

"வேறெதற்கு, அரசே? புராணமே போதுமென்று புராணத்திலேயே..."

"போதும் ஐயா, போதும்!" மன்னர் எழுந்துவிட்டார். "வேறு சாட்சி நான் தருகிறேன். பிள்ளையில்லாத முந்தைய மன்னர் வடகரைக் குடிசையிலிருந்து எடுத்து வளர்த்த பிள்ளை நான். தெரிந்தால் சிங்காசனம் போய்விடுமே என்று இத்தனை காலமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொல்லும், என் ஆட்சியில் ஒரு முறையாவது மழை பொய்த்ததா?"

ஆசாரியர் பரபரவென்று ஏடுகளைப் புரட்டினார்.

"அரசே, தாங்கள் வடகரையில் பிறந்திருக்கவே முடியாது. புராணத்தில் அப்படி இல்லையே!"

மன்னர் படியிறங்கி வந்து, காரியின் கைக்கட்டைத் தாமே அவிழ்த்தார்.

"வாரும், மருமகப்பிள்ளை. இனி நாடு கடத்துவதானால் நம் இருவரையும் சேர்த்தே கடத்தட்டும்!"